வன்னியில் தைத் தோட்டம் போட வருகிறீர்களா? வேலியில் தொடங்குங்கள்

பெற்றோரின் பெர்மிட் காணிக்குத் திரும்பி வந்தவர்கள், வேலை மாற்றலாகி கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ வந்தவர்கள், 'இவ்வளவு வளவு சும்மா கிடக்குதே, நாலு கத்தரி நடுவோம்' என்று நினைப்பவர்கள் எல்லோருக்கும் இது. வன்னியில் மண் உண்டு, கிணறு உண்டு, எருவுக்கும் குறைவில்லை. ஆனால் நட்டதில் எவ்வளவு உங்கள் சட்டிக்கு வரும் என்பதைக் குரங்கும் பன்றியும் மயிலும்தான் தீர்மானிக்கின்றன. எதை முதலில் செய்வது, எதற்குக் காசை வைத்திருப்பது என்று எனக்கு யாரும் வரிசையாகச் சொல்லவில்லை. விதைக்கடையில் ஒன்று சொன்னார்கள், பக்கத்து வளவில் வேறொன்று சொன்னார்கள். அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை வேலை நடக்க வேண்டிய ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

1. மண்வெட்டி எடுக்க முன் காணியை அறிந்துகொள்ளுங்கள்

வன்னியில் பல காணிகள் உறுதிக் காணிகள் அல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணிகள். அனுமதிப்பத்திரம் யாருடைய பெயரில் இருக்கிறது, பின்னுரித்து யாருக்கு என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டுத் தெளிவாக்குங்கள். தாத்தாவின் பெயரிலேயே இன்னும் கிடந்தால் தோட்டம் செய்ய யாரும் தடுக்கமாட்டார்கள். ஆனால் கிணற்று மானியம், மின்வேலி உதவி, பயிர்க் காப்புறுதி என்று எதற்குப் போனாலும் அந்த இடத்தில் கோப்பு நின்றுவிடும். அனுமதிப்பத்திரத்தின் பிரதி, தேசிய அடையாள அட்டையின் பிரதி, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், விதானையாரிடம் வாங்கிய வதிவிட உறுதிப்படுத்தல் ஆகியவற்றை ஒரே உறையில் போட்டு வையுங்கள். ஒவ்வொரு கந்தோரிலும் இதே நாலைத்தான் கேட்பார்கள்.

கந்தோர் வேலையை விடப் பெரிய விசயம் ஒன்று. காணி பல வருடம் பற்றை மூடிக் கிடந்தது என்றால், அந்தப் பகுதி மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று விதானையாரிடம் நேரே கேளுங்கள். விடுவிக்கப்பட்ட காணியிலும் கறள் பிடித்த இரும்பு, பச்சை நிறப் பிளாஸ்டிக், வயர்த் துண்டு என்று எது கண்ணில் பட்டாலும் தொடாதீர்கள். கிட்டப் போகாமல் இடத்தை மனதில் குறித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பிப் போய்ப் பொலிசுக்கு அறிவியுங்கள். குப்பையைக் கூட்டி ஒரே இடத்தில் கொளுத்தும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். நெருப்புக்குக் கீழே மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

காட்டோரக் காணி என்றால் வனவளத் திணைக்களத்தின் எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்றும் பாருங்கள். 'இந்தப் பற்றையும் எங்கட காணிதான்' என்று பக்கத்து வீட்டார் சொல்வதை நம்பி நாலு அடி தள்ளித் துப்புரவாக்கினால் வழக்கில் போய் நிற்கும்.

பற்றை வெட்டும்போது நீண்ட சப்பாத்துப் போடுங்கள். புடையன் பாம்பு இருக்கும்.

2. நாள் கணக்கு

மாரி ஓய்ந்து, நிலத்தில் ஈரம் இன்னும் இருக்கிற தை, மாசி, பங்குனிதான் மரக்கறிக்கு நல்ல காலம். வெயில் ஏறவில்லை, இரவில் பனி, கிணறு மேலே நிற்கிறது. சித்திரை வெயிலுக்கும் அதற்குப் பிறகு வீசும் சோளகக் காற்றுக்கும் முன்னர் முக்கால்வாசிப் பலனை எடுத்துவிட வேண்டும்.

அப்படியென்றால் நாற்றுமேடையை மார்கழி நடுவிலேயே போட வேண்டும். மிளகாய், கத்தரி நாற்றுக்கு 25 முதல் 30 நாள் தேவை, தக்காளிக்கு 3 கிழமை போதும். பொங்கல் முடிந்த கையோடு நடவு. வெண்டி, பயிற்றை, பாகல், கீரை எல்லாம் நேரடியாக விதைப்பவை. அவற்றைத் தை பிறந்ததும் விதைக்கலாம். கீரை ஒரு மாதத்துக்குள் பிடுங்கலாம். வெண்டி 45, 50 நாளில் காய்க்கத் தொடங்கும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் பங்குனி ஆகும்.

விலங்குகளுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அதைப் புதியவர்கள் கவனிப்பதில்லை. தையில் காட்டுக்குள் தண்ணீரும் தழையும் இருக்கும், வயலில் காலபோக நெல் நிற்கும். அதனால் உங்கள் வளவு அமைதியாகவே கிடக்கும். மாசி, பங்குனியில் நெல்லை அறுத்துவிடுவார்கள், காட்டுக்குள் இருக்கிற சின்ன மோட்டைகள் வற்றும். அதுவரை வயலில் மேய்ந்தவை எல்லாம் வளவுகளுக்குத் திரும்பும். உங்கள் வெண்டி காய்க்கத் தொடங்குவதும் சரியாக அப்போதுதான். 'ஒரு மாதமாக ஒன்றும் வரவில்லை, எங்கட பக்கம் தொல்லை இல்லை' என்று வேலியைத் தள்ளிப்போட்டால் அகப்பட்டுக்கொள்வீர்கள்.

3. யார் வருகிறார்கள் என்று பாருங்கள்

முட்கம்பி வாங்க முன்னர் ஒரு கிழமை காணியைச் சுற்றி விடிய நடந்து பாருங்கள். வருவது எது என்று தெரியாமல் போட்ட வேலிக்குக் கொடுத்த காசு வீண்.

பன்றி வந்திருந்தால் மண் உழுதது போலக் கிளறிக் கிடக்கும், வேலித்தூணின் அடியில் சேறு உரசிய தடம் ஒரு முழ உயரத்துக்கு இருக்கும். முள்ளம்பன்றி மரவள்ளியின் அடியைத் தோண்டிக் கிழங்கைக் கறம்பியிருக்கும். பக்கத்தில் ஒரு முள்ளாவது விழுந்து கிடந்தால் சந்தேகமே இல்லை. முயல் நாற்றைக் கத்தரிக்கோலால் வெட்டியது போலச் சரிவாக நறுக்கிவிட்டுப் போகும். மயில் இளம் இலையைப் பிய்த்து, நாற்றைப் பிடுங்கிப் போட்டிருக்கும். பாத்தியின் நடுவில் மண் குளித்த பள்ளமும் இருக்கும். பாதி கடித்த காய் பத்துப் பதினைந்து சிதறிக் கிடந்தால் குரங்கு. மானும் வரும். ஆனால் 'மான் தின்றுவிட்டது' என்று சொல்லப்படுவதில் பாதி கட்டாக்காலி மாட்டின் வேலை, சாணத்தைப் பார்த்தால் தெரியும்.

குரங்கிலும் இரண்டு வகை உண்டு. செம்பட்டை நிறத்தில் குட்டையாக இருப்பது பழம், காய், கிழங்கு எல்லாம் தின்னும், குசினிக்குள்ளும் புகும். கறுத்த முகமும் நீண்ட வாலும் உள்ள மந்தி குருத்து, பூ, பிஞ்சு என்று தின்னும். முருங்கையையும் பயிற்றையையும் மொட்டை அடிப்பது அதுதான். இரண்டும் பகலில் மட்டும்தான் வரும். பன்றியும் முள்ளம்பன்றியும் யானையும் பெரும்பாலும் இரவில் வரும். மயிலுக்குக் காலையும் பின்னேரமும். உங்கள் காவலை இந்த நேரங்களை வைத்துத்தான் பிரிக்க வேண்டும்.

4. வேலியும் அதற்கான காசும்

மொத்தச் செலவில் பாதிக்கு மேல் வேலிக்குப் போகும் என்று மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். கையில் இருக்கிற காசுக்கு எவ்வளவு வேலி அடைக்கலாம் என்று முதலில் பாருங்கள், தோட்டத்தின் அளவு அதிலிருந்துதான் வரும். ஒரு ஏக்கர் காணி இருக்கிறது என்பதற்காக ஒரு ஏக்கரையும் அடைக்கப் போகாதீர்கள்.

கணக்கு இப்படி. 2 பரப்பு என்றால் 20 பேர்ச், அதாவது 5,445 சதுர அடி. சதுரமாக எடுத்தால் ஒரு பக்கம் 74 அடி, சுற்றுவர ஏறத்தாழ 295 அடி. எட்டு அடிக்கு ஒரு தூண் போட்டால் 37 தூண். முட்கம்பி ஐந்து வரி இழுத்தால் 1,475 அடி. அதே 2 பரப்பை 40 அடி அகலமும் 136 அடி நீளமுமான கீலமாக எடுத்தால் சுற்றளவு 352 அடி ஆகிவிடும். ஒரே நிலத்துக்கு 57 அடி வேலி கூட. அதனால் சதுரமாக எடுங்கள். முதல் வருடத்துக்கு அரைப் பரப்பே போதும். பக்கத்துக்கு 37 அடி, சுற்றுவர 148 அடி. ஒரு குடும்பத்துக்கு மிஞ்சிய மரக்கறி வரும், மேலாலும் வலை போட முடியும்.

பன்றிக்கு உயரம் தேவையில்லை, அடிதான் தேவை. கீழ் வரி நிலத்திலிருந்து அரை அடிக்குள் இருக்க வேண்டும். பழைய தகரத்தை அரை அடி மண்ணுக்குள் புதைத்து இரண்டு அடி மேலே நிற்க வைத்தால் பன்றி, முள்ளம்பன்றி, முயல் மூன்றுக்கும் பதில் கிடைக்கும். கோழிக்கூட்டு வலையைப் பன்றி ஒரே இடியில் பிய்த்துக்கொண்டு போகும், அதில் காசு போடாதீர்கள். மாட்டுக்கும் மானுக்கும் மேலே முட்கம்பி வேண்டும். படலையையும் வேலியளவுக்குக் கவனியுங்கள். படலைக்குக் கீழே ஒரு சாண் இடைவெளி இருந்தால் எல்லாம் அதால்தான் வரும். வேலியில் ஒரு பொட்டு விழுந்தால் அன்றைக்கே அடையுங்கள். பன்றி ஒருமுறை நுழைந்த பொட்டை மறக்காது.

தூண் விசயத்தில் ஒரு பொறி இருக்கிறது. 'முதிரைக் கம்பு மலிவாய்த் தாறன்' என்று வண்டியில் கொண்டுவந்து தருவார்கள். அனுமதியில்லாமல் காட்டில் வெட்டிய மரம் உங்கள் வளவில் பிடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். கொங்கிறீற் தூணோ உங்கள் காணியில் நிற்கும் மரத்தின் கிளையோ போதும். பூவரசு, கிளிசரியாக் கதியால்தான் (நட்டால் துளிர்க்கும் வேலிக்கம்பு) எல்லாவற்றிலும் மலிவு, தழையும் பசளையாகும். ஆனால் தையில் நட்டால் வேர் பிடிக்க முன்னரே நிலம் காய்ந்துவிடும். கதியாலை ஐப்பசியில் முதல் மழையோடு நடுங்கள். இந்த முறை தகரமும் அலம்பலும் (வெட்டிய கிளைகள்) வைத்துச் சமாளியுங்கள்.

குரங்குக்கு எந்த வேலியும் வேலியே இல்லை. மயிலும் அப்படித்தான். அவற்றுக்கு மேல் வலை, காவல், பயிர்த் தெரிவு ஆகியவைதான் வழி.

5. எதை எங்கே நடுவது

என் அனுபவத்தில் அதிகம் காப்பாற்றித் தந்தது இதுதான். குரங்கு விரும்பாத பயிர்களை வெளிவளையத்தில் நடுங்கள். மிளகாய், பாகல், மஞ்சள், இஞ்சி, கரணை, தேசி போன்றவை. கத்தரியில் சேதம் வரும், ஆனால் தாங்கும். குரங்கு உயிரை விடுகிற தக்காளி, பயிற்றை, வெள்ளரி, சோளன் ஆகியவற்றை வீட்டு விறாந்தையிலிருந்து கண்ணுக்குத் தெரியும் இடத்தில், வலைக்குள் நடுங்கள்.

கச்சான், வற்றாளை, மரவள்ளி மூன்றும் பன்றிக்கு அழைப்பிதழ். அடி வேலி முழுதாக முடியும்வரை இவற்றைத் தொடாதீர்கள். வத்தகப்பழம் நரிக்குப் பிடிக்கும். யானை வரும் பகுதி என்றால் வாழை, கரும்பு, பூசணி மூன்றையும் வீட்டுச் சுவரோரம் வைக்கவே வேண்டாம்.

விதையை எங்கே வாங்குவது? உங்கள் பகுதிக் கமநல சேவைகள் நிலையத்திலேயே விவசாயப் போதனாசிரியரைச் சந்திக்கலாம். எந்த நாளில் கந்தோரில் இருப்பார் என்று கேட்டுக்கொண்டு போங்கள், மற்ற நாட்களில் வெளிக்களத்தில் நிற்பார். விவசாயத் திணைக்களத்தின் விதை எங்கே இருக்கிறது, எந்த இனம் உங்கள் மண்ணுக்குச் சரி என்று சொல்வார். 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் விவசாய ஆலோசனை கேட்கலாம். கத்தரியில் திருநெல்வேலி ஊதா நம் பக்கச் சந்தையில் எல்லோரும் கேட்கிற காய். கலப்பின விதைப் பக்கற்றுக்கு விலை கூட, அதிலிருந்து விதை எடுத்து நட்டால் அதே மாதிரிச் செடி வராது. முதல் வருடத்துக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

6. நாற்று, நடவு, தண்ணீர்

நாற்றுமேடை மூன்று அடி அகலம், அரை அடி உயரம். மார்கழி மழையில் கரையாமல் இருக்க மேலே பொலித்தீன் வளைவு போடுங்கள். விதைக்க முன்னர் மேடையில் வைக்கோலும் உமியும் பரப்பி எரித்தால் நாற்றழுகல் குறையும். நெருப்பு வைக்க முன்னர் முதல் பகுதியில் சொன்ன எச்சரிக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். மேடையை மயில் கிளறாமல் முதல் நாளே வலையால் மூடுங்கள்.

எருவை மார்கழியிலேயே சொல்லி வையுங்கள், தையில் எல்லோருக்கும் தேவைப்படும். உழவு இயந்திரப் பெட்டிக் கணக்கில்தான் விற்பார்கள். பச்சைச் சாணம் வாங்காதீர்கள், புல்விதை முழுக்க அதில் வரும். மாடு வைத்திருக்கும் அயலவரிடம் கேட்டு, உழ முன்னர் சில இரவுகள் உங்கள் காணியில் பட்டி அடைக்கச் சொன்னால் எருவும் சலமும் நேரே நிலத்தில் விழும். இரண்டு பேருக்கும் நல்லது.

வன்னியின் சிவந்த மண் ஈரத்தில் வெண்ணெய் மாதிரி, காய்ந்தால் மண்வெட்டி துள்ளும். அதனால் தை ஈரத்திலேயே பாத்தி பிடித்து முடியுங்கள். கத்தரிக்கு மூன்று அடிக்கு இரண்டு அடி, மிளகாய்க்கு இரண்டு அடிக்கு ஒன்றரை அடி இடைவெளி. நட்டவுடன் வைக்கோல் மூடாக்குப் போடுங்கள். 'மாசிப்பனி மூசிப் பெய்யும்' என்று சும்மா சொல்லவில்லை. இரவு முழுக்க இலை நனைந்திருக்கும், பின்னேரமும் தண்ணீர் ஊற்றினால் பூஞ்சணம் வரும். காலையில் அடியில் ஊற்றுங்கள்.

7. பகல் காவல், இரவுக் காவல்

குரங்குக்கு நாயை மிஞ்சிய மருந்து இல்லை. ஒரு நாய் போதாது, கூட்டமாக வந்தால் அதைச் சுற்றி வளைத்துவிடும். இரண்டு வளருங்கள், விசர்நாய்த் தடுப்பூசி போடுங்கள். கூட்டம் எந்த மரத்தால் இறங்குகிறது என்று பார்த்து, வேலிக்கு மேலே நீளும் கிளையை வெட்டிவிட்டால் அரைவாசித் தொல்லை குறையும். குரங்கு வெட்டவெளியில் நிலத்தால் ஓடி வர விரும்பாது. கெற்றப்போலைக் கையில் எடுத்தாலே ஓடும், ஆனால் ஆள் வீட்டில் இருக்க வேண்டும். எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போகிற வீடு என்றால் மேலே முழுக்க வலை போட்ட அரைப் பரப்புக்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

மயிலுக்குப் பாத்தியின் மேலே ஒரு அடி, ஒன்றரை அடி உயரத்தில் நூலைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டுங்கள். இறங்கவும் எழும்பவும் இடம் கிடைக்காமல் போய்விடும். முருகனின் வாகனம், அடிக்கக் கை வராது, அடிக்கவும் கூடாது. முல்லைத்தீவுக் கரையில் கழித்த மீன்வலை மலிவாகக் கிடைக்கும். தளர்வாகப் போட்டால் பாம்பும் குருவியும் சிக்கும். இறுக்கிக் கட்டிக் காலையில் ஒருதரம் பாருங்கள்.

வெருளி, பளபளக்கும் நாடா, தகரப் பேணி, பழைய சேலை எல்லாம் வேலை செய்யும், ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான். ஒரே இடத்தில் ஒரே சட்டையோடு நிற்கும் வெருளியின் தலையில் காகம் இருக்கும். இடத்தையும் பொருளையும் மாற்றிக்கொண்டே இருங்கள்.

சில ஆலோசனைகள் உங்கள் காதுக்கு வரும், அவற்றைக் கேட்கவே வேண்டாம். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் விடுவது சட்டவிரோதம், ஆளையும் கொல்லும். இருட்டில் மாடு தேடி வந்த அயலவரும் உங்கள் பிள்ளையும் அதே கம்பியில்தான் படுவார்கள். துவக்கைக் கட்டிவைப்பது, உணவுக்குள் வெடி வைப்பது, நஞ்சு வைப்பது எல்லாமும் அப்படித்தான். மின்வேலி வேண்டுமென்றால் விட்டுவிட்டு அதிர்ச்சி தரும், சூரியகலத்தில் இயங்கும் முறையான கருவியை, தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு பொருத்துங்கள். பக்கத்து நாலைந்து வளவுக்காரர் சேர்ந்து ஒரே சுற்றாகப் போட்டால் ஆளுக்கு வரும் செலவு நன்றாகக் குறையும். அதன் பிறகு கம்பியில் புல் படாமல் துப்புரவாக்கும் முறையை யார் யார் எடுப்பது என்று முன்னரே பேசிக்கொள்ளுங்கள். பல மின்வேலிகள் பராமரிக்க ஆளில்லாமல்தான் செத்துக் கிடக்கின்றன.

8. யானை வரும் பகுதி என்றால்

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கக் காட்டோரங்களில் இருப்பவர்கள் இதைத் தனியாக வாசியுங்கள். தோட்டத்து வேலி எதுவும் யானையை நிறுத்தாது. நெல் மூட்டையையும் உப்பையும் படுக்கும் அறையில் வைக்காதீர்கள், அந்த மணத்துக்குச் சுவரை உடைக்கும். வாழைக்குலையை முற்றியதும் வெட்டிவிடுங்கள். இரவில் சத்தம் கேட்டால் ரோச் அடித்துக்கொண்டு கிட்டப் போகாதீர்கள். உள்ளே இருந்தபடி அயலவரைக் கூப்பிட்டு, வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அறிவியுங்கள். யானை வெடியைத் திணைக்களத்தின் பகுதி அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைக்கலாம், வெறித்தவர் கையில் கொடுக்கக் கூடாது. விடிய இருட்டோடு தண்ணீர் கட்டப் போகும் பழக்கத்தை மாசியிலிருந்து நிறுத்திவிட்டு வெளிச்சம் வந்த பிறகு போங்கள்.

9. சேதம் வந்துவிட்டால்

துப்புரவாக்க முன்னர் படம் எடுங்கள். முழுத் தோட்டமும் தெரிய ஒன்று, கால் தடத்தோடு ஒன்று, உடைந்த வேலியோடு ஒன்று. அன்றைக்கே விதானையாருக்குச் சொல்லுங்கள். யானை வீட்டையோ சுவரையோ உடைத்திருந்தால் பொலிசிலும் முறைப்பாடு பதிந்து அதன் பிரதியை வாங்குங்கள், வனஜீவராசிகள் திணைக்களத்தில் நட்டஈட்டுக்கு அதைக் கேட்பார்கள். நாலு பாத்திக் கத்தரிக்கு எங்கிருந்தும் காசு வராது, அலையாதீர்கள். ஆனால் அடுத்த போகம் ஏக்கர் கணக்கில் மிளகாயோ சோளனோ செய்ய நினைத்தால், விதைக்க முன்னரே கமக்காரர் அமைப்பில் சேர்ந்து, கமநல சேவைகள் நிலையத்தில் பயிரைப் பதிந்து, காப்புறுதி பற்றிக் கேளுங்கள். விதைத்து, பன்றி உழுத பிறகு பதியப் போனால் யாரும் எடுக்கமாட்டார்கள்.

குரங்கோ நாயோ கடித்தால், கீறினாலும்கூட, சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், நேரம் கடத்தாமல் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள்.

பங்குனி முடிவில் காய்த்து ஓய்ந்த செடியையும் பழுத்து விழுந்த காயையும் பாத்தியில் விடாமல் பிடுங்கிக் குழியில் போட்டு மூடுங்கள். அந்த மணம் கிடக்கும்வரை பன்றி வந்துகொண்டுதான் இருக்கும். கத்தரியை மட்டும் நிற்கவிடுங்கள், கிணற்றில் தண்ணீர் இருந்தால் கிளையை வெட்டிவிட மறுபடி துளிர்த்துக் காய்க்கும்.